அஞ்சு பொட்டி, ஒரு ஓட்டு

2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலுக்கான பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மேடையில் இருந்தவர் மைக்கைத் தட்டிவிட்டு, "மொத்தம் 77 வேட்பாளர்கள்" என்றார். அரங்கில் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு சார் எழுந்து, "அப்படின்னா எத்தனை பேலட் யூனிட்டுங்க?" என்று கேட்டார். வாக்காளர் பட்டன் அழுத்துகிற பெட்டிதான் அது. ஒரு யூனிட்டில் 16 பட்டன். 77 பேரோடு நோட்டாவையும் சேர்த்தால் 78. ஐந்து யூனிட் வேண்டும்.

நான் பவானிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. 2019-இலும் 2021-இலும் தேர்தல் வேலை பார்த்திருந்தேன். அதனால் "ஒரு தொகுதிதானே, சுலபமா முடிஞ்சுடும்" என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது தப்பான கணக்கு. பொதுத் தேர்தலில் ஒரு சாவடியை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. இடைத்தேர்தலிலோ மாநிலத்தின் பார்வை முழுக்க இருநூற்றுச் சொச்சம் சாவடிகள் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் கை நடுங்கினால்கூட அது செய்தியாகிவிடும்.

அந்தத் தொகுதியில் இரண்டு வருஷத்துக்குள் இரண்டு இடைத்தேர்தல் நடந்தது. இரண்டிலும் நான் வேலை பார்த்தேன். முதல் முறை கண்ட்ரோல் யூனிட்டில், அதாவது ஓட்டுகளைப் பதிவு செய்யும் இயந்திரத்தில், பட்டன் அழுத்தும் மூன்றாம் அலுவலர், இரண்டாம் முறை சாவடியின் தலைமை அலுவலர். அப்போது கற்றுக்கொண்டதை இனி இந்த வேலைக்குப் போகிறவர்களுக்காகவும், ஓட்டுப் போட வருகிறவர்களுக்காகவும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

அந்தத் தொகுதி ஏன் காலியானது என்று சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. 2021-இல் காங்கிரஸ் சார்பில் நின்ற திருமகன் ஈவெரா 8,904 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். 2023 ஜனவரி 4 அன்று மாரடைப்பில் போய்விட்டார். வயது 46தான். மகன் உட்கார்ந்த இடத்துக்கு அப்பா ஈ.வெ.கி.ச. இளங்கோவன் போட்டியிட்டார். பிப்ரவரி 27 அன்று வாக்குப்பதிவு. 1,10,156 வாக்கு வாங்கி, அ.தி.மு.க.வின் தென்னரசுவை 66,233 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அடுத்த வருஷம் டிசம்பர் 14 அன்று இளங்கோவனும் காலமானார். மறுபடியும் தேர்தல். 2025 பிப்ரவரி 5 அன்று நடந்த அந்தத் தேர்தலில் தி.மு.க.வின் சந்திரகுமார் ஜெயித்தார். 2011-இல் இந்தத் தொகுதி முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்தபோது தே.மு.தி.க. சார்பில் ஜெயித்தவரும் அவர்தான்.

முதல் முறை மரணத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் 54 நாள். இரண்டாம் முறை 53 நாள். ஒரு உறுப்பினர் இறந்தால் சட்டமன்றச் செயலகம் அந்த இடம் காலி என்று அறிவிக்கும். இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் ஆணையம் தேர்தல் வைக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. மீதி இருக்கிற பதவிக்காலம் ஒரு வருஷத்துக்கும் குறைவு என்றால் தேர்தல் வைக்கத் தேவையில்லை. இந்த விதிவிலக்கு பலருக்குத் தெரியாது. வால்பாறை உறுப்பினர் அமுல் கந்தசாமி 2025 ஜூனில் இறந்தார், சேந்தமங்கலம் உறுப்பினர் பொன்னுசாமி அக்டோபரில் இறந்தார். இரண்டு ஊரிலும் இடைத்தேர்தல் வராததற்குக் காரணம் இதுதான். அப்போதைய சட்டமன்றத்தின் ஆயுள் 2026 மே மாதம் வரைதான். "எங்க ஊருக்கு மட்டும் ஏன் தேர்தல் வைக்கலை?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல இந்தப் பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆறு மாதம் என்று சட்டம் சொன்னாலும் 53 நாளில் நடந்தால் என்ன ஆகும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தால்தான் புரியும். 2025-இல் ஜனவரி 7 அன்று அறிவிப்பு வந்தது. நடுவில் பொங்கல். அரையாண்டு விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு பயிற்சி வகுப்பு. தொகுதிக்கு வெளியே, மாவட்டத்தின் மற்ற இடங்களில் வேலை பார்க்கிறவர்களைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். எந்தச் சாவடி என்பது முதல் நாள் பொருள் வாங்கப் போகும்போதுதான் தெரியும். அந்த ஊர், அந்தத் தெரு, அங்கே இருக்கிற வேட்பாளர்களின் முகவர்கள் எல்லாமே நமக்குப் புதுசு. ஆகவே பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் உட்காராதீர்கள். இயந்திரத்தைக் கையால் தொட்டு, கேபிளை மாட்டிக் கழற்றிப் பார்க்காமல் வெளியே வராதீர்கள். 2023-இல் நான் முன்னால் போய் ஐந்து யூனிட்டையும் என் கையால் கோத்துப் பார்த்தது பின்னால் என்னைக் காப்பாற்றியது.

ஐந்து யூனிட் என்றால் வரிசை முக்கியம். ஐந்தாவதிலிருந்து வரும் கேபிள் நாலாவதில், நாலாவதிலிருந்து மூன்றாவதில் என்று போய், முதல் யூனிட்டிலிருந்து விவிபேட்டுக்கு (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் காட்டும் பெட்டி), விவிபேட்டிலிருந்து கண்ட்ரோல் யூனிட்டுக்கு. ஒவ்வொரு யூனிட்டிலும் அது எத்தனையாவது என்று காட்டும் ஒரு சின்ன எண் சக்கரம் உண்டு. அதை முன்னமே சரியாக வைத்துத்தான் தருவார்கள். இருந்தாலும் பொருள் வாங்கும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். சாவடிக்குப் போன பிறகு "மூன்று எங்கே, நாலு ரெண்டு முறை வருதே" என்று தேடினால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

மேசையைப் பற்றியும் யோசியுங்கள். ஐந்து யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பெஞ்சு போதாது. நாங்கள் வகுப்பறையில் இருந்த இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டோம். இடையில் இடுக்கு விழுந்து ஒரு யூனிட் சரிந்தது. அடியில் பழைய நோட்டு அட்டையை மடித்து வைத்துச் சமன் செய்தோம். ஓட்டுப் போடுகிற மறைப்பு ஜன்னலுக்கு நேரே இருக்கக் கூடாது. விவிபேட் மேல் நேரடியாக வெளிச்சம் விழக் கூடாது, விழுந்தால் மக்கர் பண்ணும். அறையில் ட்யூப் லைட் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் கீழே வராமல் வைத்தோம்.

ராத்திரி எங்களில் மூன்று பெண்கள் பக்கத்து வகுப்பறையில் படுத்தோம். கொசு. கழிவறையில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டு அம்மா இரண்டு குடம் கொடுத்தார். பெண் ஊழியர்கள் தயவுசெய்து ஒரு டார்ச், ஒரு போர்வை, காலையில் சாப்பிட ஏதாவது கொண்டுபோங்கள். சாப்பாடு வரும் என்று சொல்வார்கள், எப்போது வரும் என்பதுதான் சொல்ல முடியாது. கூடவே ஒரு ஸ்கேல், நாலு பேனா, கத்தரி, செல்லோ டேப். தருகிற பையில் எல்லாம் இருக்கும்தான், ஆனால் ஒன்று ஒன்றுதான் இருக்கும்.

காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. ஏழு மணிக்கு முந்தின அந்த ஒன்றரை மணி நேரம்தான் முழு நாளிலும் கடினமானது. குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு ஓட்டாவது போட வேண்டும், நோட்டாவுக்கும் சேர்த்து. பொதுத் தேர்தலில் 15, 20 பேர் இருந்தால் 50 ஓட்டுக்குள் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். இங்கே ஆளுக்கு ஒன்று போட்டாலே 78. ஒவ்வொரு ஓட்டுக்கும் விவிபேட்டில் சீட்டு ஏழு நொடி தெரிந்து, வெட்டி விழுந்து, பீப் அடித்த பிறகுதான் அடுத்தது. அப்புறம் குளோஸ், ரிசல்ட். கண்ட்ரோல் யூனிட் 78 பேருக்கும் ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டும். விவிபேட்டிலிருந்து சீட்டுகளை எடுத்து எண்ணி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று முகவர்களுக்குக் காட்ட வேண்டும். அப்புறம் கிளியர். இந்தக் கிளியரை மறந்தால் மாதிரி ஓட்டுகள் நிஜ ஓட்டோடு கலந்துவிடும். எங்கள் தலைமை அலுவலர் அனுபவசாலி. கிளியர் அழுத்தி, மொத்தம் பூஜ்யம் என்று காட்டியதை ஒவ்வொரு முகவரையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். "எல்லாரும் பாத்துட்டீங்களா? வாய் திறந்து சொல்லுங்க" என்றார். நான் தலைமை அலுவலர் ஆனபோது அதே வார்த்தையைச் சொன்னேன்.

மாதிரி ஓட்டுக் கணக்குக்கு முதல் நாள் ராத்திரியே ஒரு நோட்டில் 1 முதல் 78 வரை எண் போட்டு வையுங்கள். யார் எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்தினார்கள் என்று அதில் கோடு போட்டுக்கொண்டே போகலாம். நாங்கள் அதைச் செய்திருந்ததால்தான் ஏழு மணிக்கு முதல் ஆளை உள்ளே விட முடிந்தது.

முதல் ஒரு மணி நேரத்தில் வந்த ஒரு பாட்டி மறைப்புக்குள் போய் அப்படியே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏனுங்க டீச்சர், அஞ்சு பொட்டி வெச்சிருக்கறீங்க. எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு அமுத்தோணுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. காலம் காலமாக ஒரு பெட்டியில் ஓட்டுப் போட்டவருக்கு ஐந்து பெட்டி வைத்தால் ஐந்து ஓட்டு என்று தோன்றாதா? உள்ளே போய்க் காட்டவும் முடியாது, ஓட்டு ரகசியம். "ஒரே ஒரு பட்டன்தாங்க பாட்டி. உங்களுக்கு வேணுங்கற சின்னம் எந்தப் பொட்டியில இருக்குதோ அதுல மட்டும். பீப்புன்னு சத்தம் வந்தா வெளிய வந்துருங்க" என்று இருந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன். அப்புறம் தலைமை அலுவலர் மண்டல அலுவலரைக் கேட்டுவிட்டு, வரிசை நிற்கிற வராந்தாவின் கரும்பலகையில் ஐந்து கட்டம் வரைந்து 1 முதல் 16, 17 முதல் 32 என்று எண் மட்டும் எழுதி வைத்தார். பெயரோ சின்னமோ கிடையாது. கீழே பெரிய எழுத்தில் "ஒரு பட்டன் மட்டும்". அதற்குப் பிறகு வரிசை ஓரளவு நகர்ந்தது.

வாக்காளர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பட்டன் அழுத்தியதுமே உங்கள் ஓட்டு பதிவாகிவிடும், அதற்குப் பிறகு எதை அழுத்தினாலும் ஏறாது. ஆகவே அவசரப்பட்டு அழுத்திவிட்டுத் தேடாதீர்கள், தேடிவிட்டு அழுத்துங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில் வருவார்கள், அப்புறம் பதிவு மட்டும் செய்த கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தமிழ் அகர வரிசை. நோட்டா எப்போதும் கடைசி. 2023-இல் அது ஐந்தாவது யூனிட்டில் 14-ஆவது பட்டன். 2025-இல் 46 வேட்பாளர்கள், அதனால் மூன்று யூனிட், மூன்றாவதில் 15-ஆவது. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் நிற்கவில்லை. நோட்டாவுக்கு 6,109 வாக்கு விழுந்து மூன்றாம் இடத்துக்கு வந்தது. சாவடியில் உட்கார்ந்திருந்தபோது நாலைந்து பேர் வெளிப்படையாகவே "யாருக்கும் வேண்டாம்னு போடறது எங்கிருக்குங்க?" என்று கேட்டார்கள். கடைசிப் பெட்டியில் கடைசி என்று சொன்னேன். வாக்குப்பதிவும் குறைந்தது. 2023-இல் 74.79 சதவீதம், 2025-இல் 67.97.

இடைத்தேர்தலின் இன்னொரு பாரம் சாவடிக்கு வெளியே. அக்கா வீட்டு மாமா துண்டு, பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்கிறார். தேர்தல் நடத்தை விதி வந்ததும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் ரொக்கம் கொண்டுபோகக் கூடாது. ஈரோட்டு ஜவுளி வியாபாரம் ரொக்கத்தில் ஓடுவது. கேரளாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிற வியாபாரிகள் அந்த வாரங்களில் வரவே தயங்கினார்கள். மாமா ஒரு நாள் சாயப்பட்டறைக்குக் கொடுக்கக் கொண்டுபோன பணத்தைப் பறக்கும் படை பிடித்துக்கொண்டது. கையில் பில் இல்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் பயிற்சியில் கேட்டதைச் சொன்னேன். பணத்தைப் பிடித்தால் ரசீது தருவார்கள், எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்பது அதில் இருக்கும். அதற்கென்று மாவட்டத்தில் மூன்று பேர் கொண்ட குழு உண்டு. வேட்பாளரோடோ கட்சியோடோ சம்பந்தமில்லாத பணம் என்று காட்டினால் விடுவிப்பார்கள். அவர் வங்கிக் கணக்கு விவரம், சரக்கு பில், ஜி.எஸ்.டி. தாள் மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தார். பணம் திரும்பி வந்தது. ஆனால் நடுவில் பட்டறைக்காரரிடம் வாக்குத் தவறியது அவருக்குப் பெரிய வருத்தம். இப்போதெல்லாம் தேர்தல் அறிவிப்பு வந்த அன்றே பணத்தோடு வங்கிச் சீட்டையும் பில்லையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொள்கிறார்.

இத்தனை சோதனையும் தேவையா என்று அவர் கேட்டபோது எனக்கு ஆர்.கே. நகர் ஞாபகம் வந்தது. ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்த பிறகு அங்கே 2017 ஏப்ரல் 12 அன்று தேர்தல் நடக்க இருந்தது. பணப் பட்டுவாடா காரணமாக ஆணையம் அதை ரத்து செய்தது. டிசம்பர் 21 அன்றுதான் நடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தத் தொகுதிக்கு உறுப்பினர் இல்லை. ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறவர்களால் கெடுவது அந்த ஒரு நாள் மட்டுமில்லை. அந்த ஊர் சட்டமன்றத்தில் பேச ஆளில்லாமல் கிடக்கிறது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "அது சரி, ஆனா என்னையும் அவங்களையும் ஒரே தராசுல நிறுத்தறாங்களே" என்றார். அதுவும் உண்மைதான்.

2025-இல் நான் தலைமை அலுவலர். மூன்று யூனிட்தான் என்பதால் இயந்திரம் பயமில்லை. பயம் தாள்களில். அந்தப் பையில் இருக்கிற உறைகளையும் படிவங்களையும் பார்த்தால் முதல் முறை யாருக்கும் தலை சுற்றும். நான் கண்டுகொண்ட வழி இதுதான். முதல் நாள் சாயங்காலமே எல்லா உறையிலும் தொகுதி எண், சாவடி எண், தேதி எழுதி முடித்துவிடுங்கள். அடுத்த நாள் நிரப்ப வேண்டியது எண்ணிக்கையும் கையெழுத்தும் மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கண்ட்ரோல் யூனிட்டின் மொத்தத்தையும், வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டின் கடைசி எண்ணையும் ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் ஒன்பது மணிக்கே தெரிந்துவிடும். ராத்திரி தெரிந்தால் தேடவே முடியாது.

மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு பையன் வந்தான். பெங்களூரில் வேலை, ஓட்டுக்காகவே பஸ் பிடித்து வந்திருக்கிறான். முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவன் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு போட்டிருந்தது. 17ஏ-வில் அந்த எண்ணுக்கு ஒரு கையெழுத்தும் இருந்தது. அவன் போட்டுக் காட்டிய கையெழுத்தோடு அது ஒத்துப்போகவில்லை.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ராத்திரி பூரா உக்காந்துட்டு வந்தனுங்க மேடம்" என்றான், அவ்வளவுதான். வெளியே முகவர்கள் கூடிவிட்டார்கள், ஒருவருக்கொருவர் குற்றம் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் அவனை உட்கார வைத்து, அட்டையை வாங்கிப் பார்த்து, அப்பா பெயர், வீட்டு எண், வீட்டில் வேறு யார் யார் என்று கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னான். டெண்டர் ஓட்டு கொடுத்தேன். அதாவது இயந்திரத்தில் இல்லை, காகித வாக்குச்சீட்டில், அம்புக்குறி முத்திரையால் குத்தி, மடித்து என்னிடம் தர வேண்டும், நான் தனி உறையில் வைத்து மூட வேண்டும். 17பி படிவத்தில் அவன் கையெழுத்து. "இது எண்ணும்போது சேருங்களா மேடம்?" என்று கேட்டான். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு எண்ணமாட்டார்கள், வழக்கு என்று வந்தால்தான் நீதிமன்றம் இதைப் பார்க்கும் என்று சொன்னேன். கேட்டுவிட்டு, குத்திக் கொடுத்துவிட்டுப் போனான்.

வேறு யாராவது அவன் பெயரில் போட்டார்களா, இல்லை காலை நெரிசலில் எங்கள் அலுவலர் பக்கத்து வரியில் போட வேண்டிய கோட்டை இங்கே போட்டாரா என்பது கடைசி வரை தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அது என் சாவடியில் நடந்தது. காலையில் வரிசை நீண்டபோது, வேகமாகப் போகட்டும் என்று பெயரை உரக்கப் படிக்காமல் எண்ணை மட்டும் சொல்ல விட்டேன். பெயரையும் எண்ணையும் முகவர்கள் காதில் விழும்படி படிக்கச் சொல்லும் விதி எதற்காக இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. யாராவது ஆள் மாறாட்டம் செய்ய வந்தால் தடுக்கிற வாய்ப்பு அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். நாம் வாய்க்குள் முணுமுணுத்தால் அவர் எதை வைத்து ஆட்சேபிப்பார்? வரிசை எவ்வளவு நீண்டாலும் உரக்கப் படிக்க வையுங்கள். வெயிலில் நிற்கிறவர்கள் திட்டினாலும் பரவாயில்லை.

வாக்காளர்கள் இரண்டு விஷயம் கவனிக்கலாம். வீட்டுக்கு வந்து தருகிற வாக்காளர் தகவல் சீட்டு அடையாள ஆவணம் இல்லை. வாக்காளர் அட்டையோ, ஆதார், ஓட்டுநர் உரிமம் மாதிரி வேறு ஒன்றோ கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகாதீர்கள். டெண்டர் ஓட்டு கேளுங்கள். அது பதிவாக இருக்கும்.

மையைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் "போன தேர்தல் மை இருந்தா விடுவீங்களா?" என்று கேட்டார்கள். எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை, ஈரோட்டில் எல்லாருக்கும் இடது ஆள்காட்டி விரல்தான். 2024 விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் அது வந்தது. உறுப்பினர் புகழேந்தி ஏப்ரல் 6 அன்று இறந்தார், ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல், ஜூலை 10 அன்று இடைத்தேர்தல். பழைய மை நகத்தில் இருக்கும் என்பதால் நடுவிரலில் வைத்தார்கள். 2019-இலும் அதே தொகுதியில் உறுப்பினர் ராதாமணி இறந்து இடைத்தேர்தல் நடந்தது. இப்படிச் சில ஊர்களுக்கு அடுத்தடுத்து வருகிறது.

ஆறு மணி ஆனதும் நான் வெளியே போனேன். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் சீட்டுக் கொடுக்க வேண்டும், கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னால் வர வேண்டும். முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டே போனால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். கடைசியில் நின்றது தறி வேலை பார்க்கிற ஒரு அம்மா, அறுபதுக்கு மேல் இருக்கும். அவருக்குத்தான் 1 என்று எழுதிய சீட்டு. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், சேலையில் பஞ்சுத் தூசி.

உள்ளே வந்ததும் சுருக்குப் பையிலிருந்து இரண்டு தகவல் சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று வீட்டுக்காரருடையது.

"அவரு வரலைங்களா?" என்று முதல் அலுவலர் கேட்டார்.

"அவரு புரட்டாசியில தவறிட்டாருங்க கண்ணு. இதை என்ன பண்றதுன்னு தெரியல, கொண்டாந்துட்டேன்."

இடம் மாறியவர்கள், இறந்தவர்கள் என்று தனியாகத் தந்திருந்த பட்டியலைப் பார்த்தேன். அவர் பெயர் அதில் இல்லை. சாவடியில் நாங்கள் பெயரை நீக்க முடியாது. படிவம் 7 எழுதி, இறப்புச் சான்றிதழ் நகலோடு வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எம்.எல்.ஏ. ஐயா தவறி ரெண்டு மாசம் ஆகல, ஓட்டே வந்துருச்சு. அதுக்கு முன்ன அவரு மகன் தவறுனப்பவும் நானும் இவருமா வந்துதான் போட்டோம், அந்த அஞ்சு பொட்டி வெச்சிருந்தாங்களே. இவரு பேரு மட்டும் இன்னும் இருக்குதுங்க."

கையெழுத்துப் போட்டார், விரலை நீட்டினார், மறைப்புக்குள் போனார். பீப் சத்தம் வந்தது. வெளியே வந்து வீட்டுக்காரர் சீட்டை எடுத்து, நான் எழுதிக் கொடுத்த தாளோடு சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஆறு மணி பதினெட்டு நிமிஷத்துக்கு முகவர்களைக் கூப்பிட்டு, மொத்தத்தைக் காட்டிவிட்டு, குளோஸ் பட்டனை அழுத்தினேன். 17ஏ-வின் கடைசி எண்ணும் இயந்திரத்தின் மொத்தமும் ஒன்றாக இருந்தன. பதிவான ஓட்டுகளின் கணக்கு எழுதும் 17சி படிவத்தில் அந்த எண்ணை எழுத்திலும் எழுதி, ஆளுக்கொரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தேன்.